மூன்றாம் தடவை எதற்கு, பெரியம்மா?

எண்பத்தெட்டுக் கட்டைகளுக்குச் சொந்தக்காரியும் எனக்கு ஒரே பெரியம்மாவுமான ரெஜினா பெரியம்மாவுக்கு,

அங்கே சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. மோட்சத்துப் படங்களில் இறக்கை வைத்த சம்மனசுகள் எல்லாரும் யாழும் எக்காளமும்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு பியானோவைத் தூக்கி மேகத்தின்மேல் வைத்தால் மேகம் தாங்குமா? உங்கள் பியானோவை ஏற்றிய தொட்டியத்து வாழைத்தார் லாரியே திணறியதே!

இந்தக் கடிதம் எங்கள் பள்ளி ஆண்டு மலரில் வரப்போகிறது. மறைந்தவர் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார் தமிழ் டீச்சர். வகுப்பில் எல்லாரும் தலைவர்களுக்கு எழுதுகிறார்கள். தலைவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் இருக்கிறது. மற்றவர்கள் ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி இதுதான். ஸ்ரீரங்கத்தில் நீங்கள் வாசித்த அன்று, பக்கம் பாதியில் இருக்கும்போதே நான் தாளைத் திருப்பிவிட்டேனே, அதை நான் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துக்கொண்டுதான் போனீர்களா?

அம்மா அப்படித்தான் நினைத்தாள். அவள் நினைத்ததில் குற்றமில்லை. என் பழைய வரலாறு அப்படி. தாளம் பிடிக்க நீங்கள் வைத்திருந்த அந்த முக்கோண டிக்டிக் பெட்டியை முடுக்கி அம்மாவின் துணி அலமாரிக்குள் வைத்தது நான்தான். "உள்ள வண்டு அரிக்குதுடி" என்று அவள் கல்யாணப் புடவை வரை எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் போட்டாள். உங்கள் இசைத்தாள்களுக்கு நடுவே நாட்காட்டியில் கிழித்த தாளைச் செருகி வைத்ததும் நான்தான். அன்று நீங்கள் முகம் மாறாமல் வாசித்து முடித்தீர்கள். மறுநாள் காலை என் காப்பியில் உப்பு இருந்தது. அதை யார் போட்டது என்று இன்றுவரை வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. பெரியவர்கள் செய்தால் அது கைத்தவறு, நான் செய்தால் சேட்டை!

ஒட்டுக்கேட்பவர்களுக்காக உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவரின் மூத்த மகள் நீங்கள். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த உங்களைக் கான்வென்ட்டில் இருந்த அயர்லாந்து சிஸ்டர் பியானோ முன்னால் உட்கார வைத்தார். பத்தொன்பது வயதில் உதவித்தொகை கிடைத்துக் கப்பல் ஏறினீர்கள். அதற்குப்பின் முப்பது வருஷம் லண்டன், வியன்னா, இன்னும் எனக்குச் சரியாக உச்சரிக்க வராத ஊர்கள். ஒவ்வோர் ஊரிலிருந்தும் அம்மாவுக்கு ஒரு படஅட்டை வரும். பின்னால் ஒரே வாக்கியம்: "வாசித்தேன், நன்றாகப் போயிற்று, இங்கே குளிர்." எல்லா அட்டையிலும் ஊர்தான் மாறியிருக்கிறது. குளிர் மாறவே இல்லை.

அந்தக் குளிரில் விரல் விறைக்காமல் இருக்க, வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் நிற்பீர்களாமே. வாசித்து முடித்ததும் அதையே உப்புத் தொட்டுச் சாப்பிடுவீர்களாம். பெரிய பெரிய ஆட்கள் வந்து கையைக் குலுக்கும்போது உங்கள் கையில் கிழங்கு வாசம் வந்திருக்காதா? இதைக் கேட்க எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

நீங்கள் ஊர் திரும்பியபோது எனக்குப் பதினொரு வயது. இரண்டு டிரங்குப் பெட்டியோடு பாலக்கரை வீட்டு வாசலில் வந்து இறங்கினீர்கள். பொன்மலையில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா போகிறது என்று கேள்விப்பட்டு, அவர்கள் பியானோவை வாங்கி முன்னறையில் வைத்தீர்கள். "எண்பத்தெட்டுக் கட்டை, அடுப்புக்கு ஒண்ணு ஆகுமா?" என்றாள் அம்மா. ஆனால் தினமும் அதைத் துடைத்தது அவள்தான்.

ஏன் திரும்பி வந்தீர்கள்? நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று பதில் சொன்னீர்கள். முதல் தடவை, "அங்க நல்ல புளி கிடைக்கலை." இரண்டாம் தடவை, "கப்பல் டிக்கெட் திரும்பி வர்றதுக்கும் சேர்த்து எடுத்திருந்தேன், வீணாப் போயிடும்." மூன்றாம் தடவை, "பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு எந்த ஸ்வரத்துல ஊதுதுன்னு மறந்துபோச்சு, கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." நான் மூன்றையுமே நம்பவில்லை. நீங்கள் எனக்குப் பெரியம்மா என்றால், நான் உங்களுக்கு மகள் முறையாயிற்றே!

அடுத்து வர வேண்டியவர் சடகோபன் மாமா. ஸ்ரீரங்கத்துக்காரர், தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் தெருவில் யாரையோ பார்க்க வந்தவர், ஜன்னல் வழியே நீங்கள் வாசிப்பதைக் கேட்டுக் கதவைத் தட்டினார். "உள்ளே வரலாமோ? வாசிக்கறது யாருன்னு தெரிஞ்சுக்காமப் போனா இன்னிக்குச் சாதம் இறங்காது" என்றார். அதன்பின் வியாழக்கிழமைதோறும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். உங்கள் தாளமும் அவர் தாளமும் ஒரு நாளும் சந்தித்ததில்லை. இரண்டு பேருமே அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"அந்த ஊர்லயெல்லாம் ரசிகாளெல்லாம் எப்படி?"

"அசைய மாட்டாங்க சார். கோயில்ல முழங்கால் போட்ட மாதிரி இருப்பாங்க."

"இருமல் வந்தா?"

"ஒரு பகுதி முடியிற வரைக்கும் அடக்கி வெச்சிருந்து எல்லாரும் சேர்ந்து இருமுவாங்க."

"அப்போ நன்னா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைசியில கை தட்டுவாங்க."

"கடைசியிலயா! அதுவரைக்கும் தனியாவா வாசிச்சிண்டிருந்தேள்?"

நீங்கள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தீர்கள், பிரித்தீர்கள், மறுபடி மடித்தீர்கள். நான் கதவோரம் முறுக்குத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் உங்களை வாசிக்க வைத்தார். முப்பது வருஷம் எங்கெங்கோ வாசித்தவர் சொந்த ஊர்ப் பக்கம் வாசிக்கும் முதல் தடவை. பியானோ தொட்டியத்து வாழைத்தார் லாரியில், சுற்றிலும் வாழைச்சருகு அடைத்து, காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனது. சுருதி சரிபார்க்க மெட்ராஸிலிருந்து வந்தவர் மூடியைத் திறந்ததும் சருகைத்தான் கை நிறைய எடுத்தார். "இதென்னம்மா, உள்ள பந்தி போடப் போறீங்களா?" என்று கேட்டார்.

உங்களுக்குப் பக்கம் திருப்ப வேண்டியது கோயில் பாடகர் குழு திரேசா அக்கா. அவளுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியும். கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஸ்வரம் தெரிந்தவளுக்கு ஜுரம், ஜுரம் இல்லாதவளுக்கு ஸ்வரம் தெரியாது! அந்த ஜுரமில்லாதவள்தான் நான்.

"இவளா? வேற ஆளே கிடைக்கலையா?" என்று அம்மா கத்தினாள்.

"படிக்கத் தெரிய வேண்டாம் ஆக்னஸ். என்னைப் பார்த்துக்கிட்டிருந்தாப் போதும்" என்றீர்கள். என்னிடம், "ஐம்பது தாண்டினப்புறம் நான் மனப்பாடத்தை நம்பறதில்ல. நான் ஒரு தடவை தலையை அசைப்பேன். அப்போ திருப்பு. அசைக்காம திருப்பினே, உன்னை வாழைத்தாரோட தொட்டியத்துக்கு அனுப்பிடுவேன்" என்றீர்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்ய நினைத்த முதல் காரியம் அது. மூன்று நாளும் ஒத்திகைக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இடது பக்கம் நின்று, சத்தமில்லாமல் எட்டி, மேல் மூலையை இரண்டு விரலால் பிடித்து, உங்கள் தலையையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன். உங்கள் இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறது. அது அசைந்தால் பக்கம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சங்கீதம்.

அன்று ஹாலில் முன்பாதி முழுக்க ஸ்ரீரங்கத்து மாமாக்கள், மாமிகள். பின்பாதியில் பாலக்கரை ஆட்களும் கான்வென்ட் சிஸ்டர்களும். முதல் வரிசை நடுவில் சடகோபன் மாமா. அவர் தன் டேப் ரெக்கார்டரை நம் பியானோவுக்கு அடியில் வைத்து, "இது பாட்டுக்குப் பதிஞ்சிண்டிருக்கும், நீங்க கண்டுக்காதீங்கோ" என்றுவிட்டுப் போனார்.

மூன்றாவதாக வாசித்த அந்த மெதுவான துண்டு. நடுவில் ஒரு வரி, வலது கை தனியாக ஏறி, தயங்கி, இறங்குமே, அது. மாமாவால் தாங்க முடியவில்லை. "ஆஹா" என்று வாய்விட்டுச் சொல்லித் தலையை ஆட்டினார். நீங்கள் தாளிலிருந்து கண்ணை எடுத்தீர்கள். அவரைப் பார்த்தீர்கள். பார்த்துத் தலையை அசைத்தீர்கள்.

மச்சம் அசைந்தது. நான் திருப்பினேன்.

பக்கத்தில் இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் கண் தாளுக்குத் திரும்பியபோது அங்கே வேறு ஏதோ இருந்தது. உங்கள் தோள் ஒரு நொடி நின்றதைப் பார்த்தேன். ஆனால் கை நிற்கவில்லை உங்களுக்கு. சற்றுமுன் வாசித்த அதே வரியை மறுபடி எடுத்தீர்கள். அதற்குள் வேர்வை விரலால் தாளைப் பிடித்து இழுத்து, இரண்டு பக்கம் சேர்ந்து வந்து, பிரித்து, எப்படியோ சரியான பக்கத்தை வைத்துவிட்டேன்.

அப்போது நீங்கள் என் பக்கம் லேசாகச் சாய்ந்து ஏதோ சொன்னீர்கள். பியானோ சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. 'போக்கிரி' என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். திட்டு வாங்கும்போது நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன், பலமாகத் தலையாட்டினேன். நீங்கள் அதே வரியை மூன்றாம் தடவை வாசித்தீர்கள்.

"பேஷ்! பேஷ்! சங்கதி போடறாளே அம்மா!" என்று மாமா எழுந்தே விட்டார். பாட்டுக் கச்சேரியில் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடினால் எப்படிக் குஷியாவார்களோ, அப்படி முன்பாதி முழுக்கக் கை தட்டியது. நடுவில் கை தட்டக் கூடாது என்று தெரிந்த சிஸ்டர்கள் பின்னாலிருந்து "உஷ், உஷ்" என்றார்கள். கை தட்டலையும் உஷ்ஷையும் சேர்த்துக் கேட்டால் வாணலியில் அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா என் காதைப் பிடித்தாள்.

"உன் சேட்டைக்கு வேற இடமே இல்லையாடி? அவ மானத்தை வாங்கணுமா?"

"தலையாட்டினாங்கம்மா!"

"பாதிப் பக்கத்துல அவ எதுக்குடி தலையாட்டறா? முப்பது வருஷம் வாசிச்சவளுக்கு எங்க தலையாட்டறதுன்னு தெரியாதா?"

நீங்கள் மாமிகள் கூட்டத்துக்குள் இருந்தீர்கள். வரும் வழியெல்லாம் காரின் முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தீர்கள். நான் பேச்சு எடுக்கத் துணியவில்லை. அதற்குப்பின் பதினொரு நாள் உங்கள் கண்ணில் படாமல் கொல்லைக் கதவு வழியாகவே பள்ளிக்குப் போய் வந்தேன். நான் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் உள்ளிருந்து அந்த வரியை முனகுவீர்கள். குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்து ஓடிவிடுவேன். பன்னிரண்டாம் நாள் காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டதாக டாக்டர் சொன்னார்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினொரு நாள் இருந்தது, பெரியம்மா.

அம்மா அடக்கத்தன்றுகூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்களைப் பற்றி யாராவது விசாரிக்க வந்தால், "கடைசியா ஸ்ரீரங்கத்துல வாசிச்சா" என்று தொடங்குவாள். அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். உப்புப் போட்ட காப்பியே தேவலாம் என்று இருக்கும்.

முப்பதாம் நாள் பூசைக்கு மாமா வந்தார், கையில் கேசட். அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "மன்னிச்சுக்குங்க சார். அதுல இவ பண்ணின கூத்தும் இருக்கும். எனக்குக் கேட்க வேண்டாம்" என்றாள். மாமா அதைப் பியானோ மேலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்கும் கேட்கப் பயம்தான். அது அங்கேயே கிடந்தது. வியாழக்கிழமைகளில் அவர் வந்து, மூடிய பியானோ எதிரே உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுப் போவார். தொடையில் தாளம் மட்டும் போகும்.

போன வாரம் கல்லறைத் திருநாள். உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். மறுநாள் வியாழக்கிழமை. மாமா டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நான் கேட்டாச்சு. நீங்க கேக்காம இருக்கப்படாது" என்றார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் கேசட்டைப் போட்டேன்.

அந்த வரி வந்தது. மாமாவின் "ஆஹா". உடனே சரக் என்று ஒரு சத்தம். அது நான். பிறகு இரண்டாம் தடவை அதே வரி, அதன் நடுவில் சரசர, சரசர. அதுவும் நான். தாள் சத்தம் நின்றுவிட்டது. பக்கம் சரியாகிவிட்டது. நீங்கள் அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். ஆனால் மாமாவின் டேப் ரெக்கார்டர் உங்கள் காலடியில் அல்லவா இருந்தது! அன்று எனக்குக் கேட்காதது அதற்குக் கேட்டிருக்கிறது. உங்கள் குரல், ரகசியமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு:

"இன்னொரு தடவை போகட்டுமாடி?"

நான்தான் தலையாட்டினேனே. என்னவென்றே தெரியாமல் சரி என்று சொன்னேனே.

திரும்பிப் பார்த்தால் அம்மா கரண்டியோடு கதவருகில் நிற்கிறாள். "திருப்பிப் போடு" என்றாள். போட்டேன். "இன்னொரு தடவை." போட்டேன். மூன்றாம் தடவை கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று மாமா எழுந்தார். அழத்தான் செய்தாள், ஆனால் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"திருட்டுக் கழுதை! சின்ன வயசுலயும் இதே வேலைதான். கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கும்போது பாட்டு முடிஞ்சப்புறமும் வேணும்னே ஒரு தடவை கூட வாசிப்பா. பங்குசாமி கையை விரிச்சுக்கிட்டு அப்படியே நிப்பாரு. என்னைப் பார்த்துக் கண்ணடிப்பா. அங்க போய் அதையெல்லாம் விட்டுட்டான்னு நெனச்சேன்."

பிறகு என்னைப் பார்த்து, "வாடி, தோசை ஆறுது" என்றாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் குரலில் முள் இல்லை.

அன்று இரண்டாம் டிரங்குப் பெட்டியைத் திறக்க அம்மாவே சாவி கொடுத்தாள். உங்கள் இசைத்தாள்களின் ஓரங்களில் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறீர்கள்: "இங்கே மூச்சு விடு." "ஓடாதே கழுதை." "நாளை ரொட்டி, பால்." வியன்னாவில் வாசித்த ஒரு தாளில் அதேபோல் ஒரு மெதுவான வரிக்குப் பக்கத்தில், "இன்னொரு தடவை வாசிக்க ஆசையாக இருக்கிறது" என்று எழுதி, அடித்திருக்கிறீர்கள். எழுதியது சரி, ஏன் அடித்தீர்கள்? ஊர் திரும்பியதற்கு நீங்கள் சொல்லாத நாலாவது பதில் இதுதானா? இல்லை, நான்தான் புளியையும் சங்கையும் நம்பாமல் பெரிதாகக் கற்பனை பண்ணுகிறேனா?

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். நான் வேண்டுமென்றே திருப்பினேன் என்று நினைத்தீர்களா? இவ்வளவு நாளும், இல்லை, நினைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டுமென்று ஏங்கிக்கொண்டிருந்தேன். கேசட்டைக் கேட்டபின் மனசு மாறிவிட்டது. கூட்டாளியிடம் கேட்பது மாதிரி அல்லவா கேட்டிருக்கிறீர்கள்! நான் ஏதோ சேட்டையைத் தொடங்கிவைத்தேன் என்று நம்பித்தான் நீங்களும் முப்பது வருஷம் கழித்து ஒரு சேட்டை செய்தீர்கள் என்றால், இருக்கட்டும், அப்படியே நம்புங்கள். அது தவறுதலாக நடந்தது என்று நான் யாரிடமும் வாதாட மாட்டேன். அம்மாவிடம்கூட.

திரேசா அக்காவுக்கு உடம்பு சரியாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நம் பியானோவில் வாசிக்கப்போகிறாள். பக்கம் திருப்புவது நான்தான். ஒரு பக்கம் எங்கே முடிகிறது என்று பார்க்கும் அளவுக்கு இசைத்தாள் படிக்க அவளிடம் கற்றுக்கொண்டுவிட்டேன். இனி எனக்கு மச்சம் தேவையில்லை. மாமாவை முதல் வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். பியானோவுக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது நீங்கள் நின்று, பக்கம் பாதியில் இருக்கும்போது தலையை அசைத்தால், இன்னும் நாலு வரி பாக்கி இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தே, இந்தத் தடவை வேண்டுமென்றே, திருப்புவேன்.

உங்கள் பக்கத்தில் நின்று, உங்கள் பக்கத்தைத் திருப்பிய,
உங்கள் தங்கச்சி மகள்
பிலோமி